மூன்று பேரில் ஒருத்தர் லீவு

'மிஸ்ஸிங்' என்ற வார்த்தைக்கு நம் ஊரில் இரண்டு இடங்களில் புழக்கம். ஒன்று போலீஸ் ஸ்டேஷன், இன்னொன்று மெக்கானிக் ஷெட். போலீஸ் ஸ்டேஷனிலாவது 'கடைசியா எங்கே பார்த்தீங்க, என்ன கலர் சட்டை போட்டிருந்தார்' என்று நாலு கேள்வி கேட்ட பிறகுதான் பேனா மூடியைக் கழற்றுவார்கள். ஷெட்டில் அந்தச் சம்பிரதாயமெல்லாம் கிடையாது. பானெட்டைத் தூக்கு, ஆக்ஸிலரேட்டரை ஒரு உறுமு உறுமவிடு, உதட்டைப் பிதுக்கு, 'எஞ்சினை இறக்கணும் சார்' என்று சொல்லு. இருபத்தாறாயிரம் ரூபாய்!

மேற்படி தீர்ப்பு என் நண்பன் வீட்டு மாருதி 800-க்கு வழங்கப்பட்டது. 1997 மாடல், வெள்ளை நிறம், கார்புரேட்டர் வைத்த எஞ்சின். இருப்பிடம் நெட்டுக்குப்பம், பாதாம் மரத்தடி. தெரியாதவர்களுக்கு: எண்ணூர் விரைவு சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டே வடக்கே போனால், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி வரும் மீனவர் கிராமம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, அக்கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். மேலே இருந்து சாம்பலும் பக்கத்தில் இருந்து உப்பும் இலவசம். இரும்பினால் ஆன எதுவும் இங்கே நிம்மதியாக ரிடையராக முடியாது.

நண்பனின் அப்பா ரிடையரானவர். எண்ணூர் லாரி கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது - அந்தக் கம்பெனி பிறந்தபோது லாரிக் கம்பெனியே இல்லையாம். 1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் 'அசோக் மோட்டார்ஸ்' என்று மகன் பெயரில் ஆரம்பித்து, எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தார். லேலண்ட் வந்து சேர்ந்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது அப்புறம்தான். ஆக, எண்ணூருக்குக் கார் புதுசு இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காமராஜர் துறைமுகத்தில் வெளிநாடு போகும் புதுக் கார்கள் வரிசை வரிசையாகக் கப்பலுக்குக் காத்து நிற்கும். இந்தப் பக்கம் நம்ம கார் நின்றது. அது கப்பலுக்கு நிற்கவில்லை.

பெரியவருக்குக் கண்ணில் க்ளாக்கோமா. டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லிப் பதினாலு மாசம். நண்பனுக்கு லைசென்ஸ் உண்டு, ஆனால் ராயபுரத்தில் க்ளியரிங் ஏஜெண்ட் ஆபீஸுக்கு பஸ்ஸிலேயே போய்ப் பழகிவிட்டான். பெரியவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் குளித்துவிட்டு வந்து, படுதாவை விலக்கி, ஸ்டார்ட் செய்து, சரியாக ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, ஆஃப் செய்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போவார். காருக்கு வாராந்திர பூஜை.

இப்போது அவசரம் எங்கே வந்தது என்றால், அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். வாரத்தில் மூன்று நாள் ராயபுரத்தில் பிஸியோதெரபி. ஆட்டோவில் போய்வர எழுநூறு. மாசம் பன்னிரண்டு நாள் என்று வைத்தாலும் எட்டாயிரத்து நானூறு. கணக்கெழுதிச் சம்பளம் வாங்குகிற ஒருவனுக்கு இந்தத் தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றே தெரியவில்லை. வாசலில் கார் நிற்கிறதே என்று எடுத்தான். எடுத்தால் - நடுக்கம். சிக்னலில் நிற்கும்போது சீட்டோடு சேர்ந்து பல்லும் ஆடுகிறது. கதிவாக்கம் பாலம் ஏறும்போது சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

மெயின் ரோடு ஷெட்டில் (பெயர் வேண்டாம், அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கும்) முதல் நாளே மூன்று பிளக் மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள், ஃபில்டர் மாற்றினார்கள். பில் நாலாயிரத்துச் சொச்சம். நடுக்கம் மாறவில்லை. மறுநாள் எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார்கள். உட்புறம் மோர்க்குழம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. 'பாத்தீங்களா, தண்ணியும் ஆயிலும் கலந்துடுச்சு. ஹெட் கேஸ்கட் போச்சு. ஹெட்டைக் கழட்டினாத்தான் தெரியும்.' இருபத்தாறாயிரம் என்ற எண் அப்போதுதான் வந்தது. பழைய இரும்புக்காரர் இருபதாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தார். பி.காம். படிக்காதவனுக்கே இந்தக் கணக்குப் புரியும்.

ஷெட்டில் பெரியவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார்: "சத்தம் ஒரே சீரா நொண்டுதுப்பா. ஒரு ஆள்தான் வேலை செய்யல." கண் சரியில்லாதவர் பேச்சை யார் கேட்கிறார்கள்?

* * *

அந்த வாக்கியத்தில் பாதி வைத்தியம் இருக்கிறது. கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

மாருதி 800-ல் மூன்று சிலிண்டர். மூன்று பேர் மட்டும் வேலை செய்கிற செக்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருத்தரும் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை இழுத்து, அமுக்கி, பிளக் கொடுக்கும் பொறியில் வெடித்து, புகையை வெளியே தள்ள வேண்டும். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொருத்தருக்கும் ஒரு முறை டர்ன். வண்டி சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்குத் தொள்ளாயிரம் சுற்று என்றால், தலைக்கு நானூற்றைம்பது வெடி. அம்பாஸடரில் நாலு சிலிண்டர், ஒருத்தர் லீவு போட்டால் மிச்சம் மூன்று பேர் முணுமுணுத்துக்கொண்டே சமாளிப்பார்கள். இங்கே ஒருத்தர் லீவு போட்டால் செக்ஷனில் மூன்றில் ஒரு பங்கு காலி. மேஜை நாற்காலி எல்லாம் ஆடும்.

லீவு போட்டதில் இரண்டு தினுசு. ஒரே ஆள் தினமும் வராமல் இருப்பது ஒன்று. அப்போது சத்தம் ஒழுங்கான நொண்டலாக இருக்கும்: டட்-டட்-காலி, டட்-டட்-காலி. ஒருத்தர் மாற்றி ஒருத்தர், நினைத்தபோது வராமல் இருப்பது இன்னொன்று. சத்தத்தில் ஒரு தாளமும் இருக்காது. முதல் தினுசு என்றால் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் சொந்தமான சாமானைச் சந்தேகப்பட வேண்டும்: அதன் பிளக், அதன் ஒயர், அதன் வால்வு. இரண்டாவது என்றால் எல்லாருக்கும் பொதுவான சாமான்: பெட்ரோல், கார்புரேட்டர், காற்றுக் குழாய், காயில். சைலன்ஸர் வாயில் உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலே வித்தியாசம் தெரியும். தாளம் தட்டத் தெரிந்த எவனும் செய்யலாம். ஷெட்டில் ஏன் செய்யவில்லை என்றால், உள்ளங்கைக்குப் பில் போட முடியாது.

எங்கள் காலேஜில் அக்கவுண்டன்ஸி வாத்தியார் இப்படித்தான் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் உடனே லெட்ஜரை முதல் பக்கத்திலிருந்து புரட்டாதே. வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540 என்பதை 450 என்று எழுதியிருப்பாய், வித்தியாசம் 90. ஒரு நிமிஷ வேலை, தேடும் இடம் பாதியாகக் குறைகிறது.

* * *

நண்பனுக்கு நான் சிபாரிசு செய்தது ஷெட்டை அல்ல, கரையில் இருந்த படகு மெக்கானிக்கை. நாற்பது வயசிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து ஆறு, முகத்துவாரம், படகு, வலை எல்லாவற்றையும் கறுப்பாக்கியது ஞாபகம் இருக்கும். வாரக்கணக்கில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. கரையில் ஏற்றிய படகுகளின் எஞ்சின்கள் அப்படியே நின்றன. அதற்கப்புறம் அவற்றை ஒவ்வொன்றாக உயிர்ப்பிக்கிற வேலை இவர் தலையில் விழுந்ததாம். 'நின்ன எஞ்சின்' விஷயத்தில் அதுதான் அவருக்கு டிகிரி.

வந்தார். பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்வி.

"எத்தினி மாசமா நிக்குது சார்?"

"பதினாலு. ஆனா வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஓட விடுவாங்க."

"அதான் சார் கெடுதல்," என்றார். பெரியவர் பக்கம் திரும்பி, "கோச்சிக்காத நைனா."

அவர் சொன்ன விளக்கம் இது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது பெட்ரோல் அளவுக்கு அதிகமாகப் போகும். பெட்ரோல் எரிந்தால் புகையோடு தண்ணீர் ஆவியும் வரும். நன்றாகச் சூடாகி ஓடினால் அது வெளியே போய்விடும். ஐந்து நிமிஷத்தில் நிறுத்தினால் எஞ்சினுக்குள்ளேயே வேர்த்து, சைலன்ஸரிலும் ஆயில் மூடியின் அடியிலும் தங்கும். மோர்க்குழம்பு வந்த கதை இதுதான்! ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். ஆயில் சுத்தமாகத் தேன் நிறத்தில் இருந்தது. ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை, அதில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, எஞ்சின் ஓடும்போது குமிழி வரவில்லை. "மூடியில மட்டும் இருந்தா அது வேர்வை சார். கேஸ்கட் போயிருந்தா கம்பியிலயும் வரும், தண்ணியும் கொறையும்." இருபத்தாறாயிரத்தில் பெரும்பகுதி அந்த நிமிஷமே தள்ளுபடி.

அடுத்தது பெட்ரோல். பீடியை அணைத்து, காலில் நசுக்கி, அது செத்துவிட்டது என்று நிச்சயமான பிறகு, டாங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். நல்ல பெட்ரோல் மூக்கில் குத்தும். இது வார்னிஷ் கடை வாசலில் நிற்பது போல ஒரு புளித்த வாசனை. பாட்டிலைத் திண்ணையில் வைத்துவிட்டு டீ சாப்பிட்டு வந்தால், உள்ளே இரண்டு மாடி. மேலே பெட்ரோல், அடியில் விரல்கடை உயரத்துக்கு வேறு ஏதோ.

இது நாம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. இப்போது பங்கில் போடுவது வெறும் பெட்ரோல் அல்ல. 2022-ல் பத்து சதவீதம் எத்தனால் என்ற அளவை எட்டினார்கள், 2025-ல் இருபது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நெட்டுக்குப்பம் காற்றில் ஈரத்துக்குக் குறைச்சலா? ஒரு அளவு வரை கலந்தே இருக்கும். அளவு தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து டாங்க் அடியில் உட்கார்ந்துவிடும். எஞ்சினுக்குப் போகிற குழாய் எங்கிருந்து உறிஞ்சுகிறது? அதே அடியிலிருந்து. தினம் ஓடுகிற வண்டியில் இந்தப் பிரச்னை வருவதற்குள் பெட்ரோல் தீர்ந்துவிடும். நிற்கிற வண்டிக்குத்தான் கண்டம்.

டாங்கைக் காலி செய்து, ஐந்து லிட்டர் புதுசு ஊற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினார். அடியில் பலாப்பிசின் மாதிரி மஞ்சள் பசை. பெட்ரோல் போகும் ஊசித் துவாரங்களை ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தார். (கம்பி விட்டுக் குத்தக்கூடாது. துவாரம் பெரிசாகிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் பெட்ரோல் குடிக்கும்.) ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் தேங்காய் நார், பழைய கேலண்டர் துண்டு, ஏழெட்டு நெத்திலிக் கருவாடு. ஏதோ ஒரு எலி தனிக்குடித்தனம் வந்து மாச சாமான் வாங்கி வைத்திருந்தது. ஷெட்டில் மாற்றியதாக எழுதியிருந்தது எந்த ஃபில்டர் என்று நண்பன் பில்லை எடுத்துப் பார்க்கப் போனான். மெக்கானிக் 'வுடு தம்பி' என்றார்.

ஸ்டார்ட் செய்தால், ஒரே கிக். முறுக்கும்போது திக்கல் இல்லை. ஆனால் சும்மா நிற்கும்போது? டட்-டட்-காலி. டட்-டட்-காலி.

நண்பன் முகம் தொங்கிப்போனது. எனக்கு மட்டும் சந்தோஷம். ஏனென்றால் இந்த நிலைமைக்கு எங்கள் புத்தகத்தில் பெயர் இருக்கிறது. ஒரு தப்பு இருந்தால் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். இரண்டு தப்பு ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தால் ஆளைக் குழப்பும். ஒன்றைச் சரி செய்தும் வண்டி ஆடினால், செய்தது வீண் என்று தோன்றும். அப்படித் தோன்றித்தான் ஷெட்காரர்கள் ஒரே நாளில் நாலு சாமானை மாற்றுகிறார்கள். எது உதவியது, எது தண்டம் என்று கடவுளுக்கும் தெரியாது. இவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட்டார். தொட்டதும் ஸ்டார்ட் செய்து காது கொடுத்தார்.

இனி யார் லீவு என்று பார்க்க வேண்டும். ஹாஜர் எடுக்கும் முறை மிகவும் பழசு, இன்னும் பிரமாதம். எஞ்சினை நிறுத்தி, முதல் சிலிண்டரின் பிளக் ஒயரை உருவி, அதன் நுனியில் ஒரு பழைய பிளக்கை மாட்டி, அந்தப் பிளக்கை எஞ்சின் இரும்பில் படும்படி வைத்துவிட்டு (பொறி போக ஒரு இடம் வேண்டும், இல்லாவிட்டால் காயிலுக்குக் கேடு), மறுபடி ஸ்டார்ட். எஞ்சின் செத்துப் போகிற மாதிரி துடித்தது. ஆக, முதல் நபர் நிஜமாகவே வேலை செய்கிறவர். அவரை எடுத்தால் ஆபீஸ் நிற்கிறது. ஒயரைப் பழையபடி மாட்டி, மூன்றாமவரை எடுத்தார். அதே துடிப்பு. இரண்டாமவரை எடுத்தார்.

ஒரு மாற்றமும் இல்லை!

உங்கள் ஆபீஸில் ஒருத்தர் பத்து நாள் லீவில் போய், யாருக்குமே வித்தியாசம் தெரியாமல் இருந்தது உண்டா? அவர்தான் இரண்டாம் நம்பர்.

(இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பிளக் ஒயரில் பாய்வது பதினைந்து, இருபதாயிரம் வோல்ட். ஓடும் எஞ்சினில் வெறுங்கையால் உருவிப் பார்த்து வீரம் காட்ட வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பானெட் பக்கமே வரவேண்டாம்.)

இரண்டாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினால், புத்தம் புது பிளக் சொட்டச் சொட்ட நனைந்து கறுத்திருந்தது. பெட்ரோல் நாற்றம். இது நல்ல சேதி. பெட்ரோல் வருகிறது, பற்றவைக்க ஆள் இல்லை என்று அர்த்தம். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ரிங் போயிருக்கலாம், அது செலவு. அதற்கும் ஒரு பரீட்சை வைத்தார். கம்ப்ரெஷன் பார்க்கும் மீட்டரை எங்கிருந்தோ கடன் வாங்கி வந்து மூன்று சிலிண்டரிலும் மாட்டிப் பார்த்தார். மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு. எஞ்சின் கெட்டியாக இருக்கிறது. ஹெட்டைக் கழற்றாமலே ஹெட் சரி என்று தெரிந்துவிட்டது. மீட்டர் வாடகை இருநூறு ரூபாய்.

அப்புறம் இடமாற்றம். அரசாங்கத்தில் செய்கிற மாதிரிதான். இரண்டாம் நம்பர் பிளக்கை முதல் சிலிண்டருக்கு மாற்றினார், முதலாவதை இங்கே. வியாதி பிளக்கோடு போனால் பிளக் குற்றவாளி. போகவில்லை, இரண்டாவதிலேயே தங்கியது. அடுத்து ஒயரை மாற்றினார். அப்போதும் தங்கியது. ஆள் மாறியும் அதே மேஜையில் ஃபைல் நகரவில்லை என்றால் கோளாறு மேஜைக்கு மேலே, சப்ளை வருகிற இடத்தில்.

அந்த இடத்துக்குப் பெயர் டிஸ்ட்ரிபியூட்டர். காயிலிலிருந்து வரும் மின்சாரத்தை ஒரு சுழலும் விரல் (ரோட்டார்) வாங்கி, தபால் பிரிக்கும் ப்யூன் மாதிரி ஒண்ணு, மூணு, ரெண்டு என்று முறை வைத்துக் கொடுக்கும். அதை மூடியிருக்கும் கறுப்பு மூடிதான் கேப். அதிலிருந்துதான் ஒயர்கள் கிளம்புகின்றன.

"விளக்கை அணைங்க," என்றார் மெக்கானிக். சாயங்காலம் ஏழு மணி ஆகியிருந்தது. இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலை வீட்டிலிருந்து வாங்கி, எஞ்சின் ஓடும்போது எட்ட நின்று கேப்பின் மேல் பனி மாதிரி ஒரு தூவல்.

நாங்கள் எல்லாரும் கண்ணை விரித்துக்கொண்டு குனிந்திருந்தோம். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் முதலில் சொன்னார்: "டிக் டிக்குனு கேக்குது பாரு. நடு ஒயர் கிட்ட." அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டாம் ஒயரின் வேரிலிருந்து கேப்பின் விளிம்பு வரை, நூல் மாதிரி ஒரு நீலப் பொறி ஊர்ந்து இரும்பில் குதித்துக்கொண்டிருந்தது. டிக், டிக், டிக். இரண்டாம் நம்பருக்கு வரவேண்டிய சம்பளம் முழுக்க வழியிலேயே பட்டுவாடா ஆகிக்கொண்டிருந்தது! பாவம், அவர் லீவே போடவில்லை. சம்பளம் வராமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

கேப்பைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இரண்டாவது முனையில் பச்சைக் களிம்பு. வெளியே, பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லிய கறுப்புத் தடம். பிளாஸ்டிக் படுதா ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறது. கடல் காற்றின் உப்பும் சாம்பலும் கேப்பின் மேல் படலமாகப் படிந்திருக்கிறது. உப்பு ஈரத்தில் மின்சாரம் சுலபமாக ஓடும். ஓடி ஓடி பிளாஸ்டிக் கருகி, கரித்தடமே நிரந்தர ரோடாகிவிட்டது. உப்பு மட்டும் என்றால் துடைத்துக் காயவைத்தால் போதும். களிம்பு என்றால் உப்புத்தாள். கரித்தடம் விழுந்துவிட்டால் கேப்பை மாற்றத்தான் வேண்டும்.

"உப்பு தூங்காது சார். நாம தூங்குவோம், அது தூங்காது," என்றார் மெக்கானிக், கையைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் நண்பன் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி கேப்பும் ரோட்டாரும் வாங்கி வந்தான். மாருதி 800 தயாரிப்பை 2014-ல் நிறுத்திவிட்டார்கள் என்றாலும், ஓடிய வண்டிகளின் எண்ணிக்கைக்கு உதிரி சாமான் இன்னும் கிடைக்கிறது. மாட்டினதும் மூன்று பேரும் டியூட்டிக்கு வந்துவிட்டார்கள். கார்புரேட்டர் பக்கம் வெடித்துப்போயிருந்த ஒரு ரப்பர் குழாயையும் கையோடு மாற்றினார்கள். இருபது சதவீத எத்தனாலை மனசில் வைத்து 1997-ல் யாரும் ரப்பர் செய்யவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் குழாய்களை அடிக்கடி தடவிப் பார்க்கவும். கையில் வாசனை ஒட்டினால் மாற்றவும்.

கணக்கு: பெட்ரோல் ஐந்நூற்றுச் சொச்சம், ஸ்ப்ரே இருநூற்றைம்பது, மீட்டர் இருநூறு, கேப்-ரோட்டார் நானூற்று எண்பது, ரப்பர் அறுபது, கூலி ஆயிரம். ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்! ஷெட்டில் முதல் நாள் கொடுத்த நாலாயிரம் சஸ்பென்ஸ் அக்கவுண்டில்.

'எங்க வண்டி புதுசு சார், கார்புரேட்டரும் கிடையாது, கேப்பும் கிடையாது' என்று சிலர் பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள். திருப்பாதீர்கள். உங்கள் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருக்கும். மிஸ்ஸிங் வந்தால் டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட விளக்கு எரியும். அது விட்டு விட்டு மின்னினால் ஓட்டுவதை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து, அதை உருக்கிவிடும். அது பெரிய பில். (சென்னையில் 1995 ஏப்ரலிலிருந்தே புதுப் பெட்ரோல் கார்களுக்கு இந்தச் சமாச்சாரம் கட்டாயம்.) கோட் படிக்கும் சின்னக் கருவி மாட்டினால் செல்போனிலேயே ஹாஜர் பட்டியல் வரும். பி 0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டர் ஆப்ஸென்ட். பி 0300 என்றால் ஆள் நிலையில்லை, பொதுச் சாமானைப் பார். ஆனால் கருவி சொல்வது யார் வரவில்லை என்பது மட்டும்தான், ஏன் வரவில்லை என்பதல்ல. பல பேர் கோட் வந்த உடனே அந்தக் காயிலைப் புதுசாக வாங்கிவிடுகிறார்கள். இரண்டாம் காயிலை மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். கோட் 0303 ஆனால் காயில் குற்றவாளி, 0302-லேயே நின்றால் பிளக்கையும் ஒயரையும் பாருங்கள். கரையில் செய்த அதே இடமாற்றம்தான்.

ஊருக்குப் போகிறவர்கள், வெளிநாட்டில் மகன் வீட்டுக்கு ஆறு மாசம் பேபி சிட்டிங் போகிறவர்கள் காரை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். பிளாஸ்டிக் படுதா வேண்டாம், காற்றுப் போகிற துணி உறை போடவும். டாங்கை நிரப்பி விடவும். காலி இடம் இருந்தால்தான் ஈரக் காற்று குடியிருக்கும். பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைக்கவும். பக்கத்தில் யாராவது ஓட்டுவதாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பதினைந்து கிலோமீட்டர் நிஜமாகவே ஓட்டச் சொல்லவும், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம் என்று சொல்லவும். பெரியவரின் ஞாயிற்றுக்கிழமை பூஜையும் இப்போது அப்படித்தான்: நண்பன் ஸ்டியரிங்கில், அவர் பக்கத்து சீட்டில், திருவொற்றியூர் தேரடி வரை போய்த் திரும்புகிறார்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டு விட்டுப் போகக்கூடாதாம். மாசக்கணக்கில் நின்றால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தால் போதும். திரும்பி வந்து வண்டியை எடுக்கும்போது அந்தக் கல்லை எடுத்துவிட்டீர்களா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்ளவும்.